நிறுத்திய காரில் ஓடும் மின்சாரம்

இரவு ஒழுங்காக ஓடிவந்து வாசலில் நின்ற கார், காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தள்ளுகிறார்கள். இல்லையென்றால் இன்னொரு காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ‘பேட்டரி போச்சு, மாத்திடுங்க.’ சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி போட்டால் கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு மறுபடியும் அதே காலை, அதே ‘டிக், டிக்’. இப்போது பேட்டரிக் கடைக்காரர் மீது சந்தேகம் வருகிறது; அடுத்து ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றுகிறார்கள். பறிகொடுத்தவரையே திருடன் என்று பிடித்துக் கொடுப்பதற்கு ஒப்பான காரியம் இது. பேட்டரி காலியாகியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் காலி செய்தது யார் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கார் அணைந்த பிறகும் ஏதோ ஒரு பாகம் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதை ஒர்க்‌ஷாப்புகளில் ‘கரண்ட் லீக்’ என்பார்கள். பொறியியலில் இதற்கு ஒட்டுண்ணி மின்னோட்டம் என்று பெயர். நம் ஊர் மாமரங்களில் வளரும் புல்லுருவி இதற்கு மிகப் பொருத்தமான உவமை. அதன் வேர் மண்ணில் இல்லை. மரத்தின் சாற்றைக் குடித்தே வளர்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் மாமரத்தின் பச்சைக் கிளை போலத்தான் தெரியும். காருக்குள் இருக்கும் புல்லுருவியும் அப்படித்தான்: பகலில் ஒழுங்காக வேலை செய்யும் ஏதோ ஒரு பாகம், இரவில் ஓய்வெடுக்க மறந்து பேட்டரியைக் குடிக்கிறது. கண்ணால் பார்த்தோ அனுபவத்தால் ஊகித்தோ இதைப் பிடிப்பது கடினம், அளந்தால் பிடித்துவிடலாம். அந்த அளவீட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தூங்கும் காரை, தூக்கம் கலையாமல் அளக்க வேண்டும். பெரும்பாலான தேடல்கள் தோற்பது இந்த நிபந்தனையை மீறுவதால்தான்.

ஒரு நாளைக்கு ஓர் ஆம்பியர்-மணி

முதலில் பேட்டரியைப் பற்றிச் சில எண்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் கஸ்தோன் பிளான்டே 1859-இல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரிதான், பல மாற்றங்களோடு, இன்றும் நம் கார்களின் பானெட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கையால் கம்பியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் வேலை படிப்படியாக மறைந்தது. அன்றிலிருந்து கார் கிளம்புமா கிளம்பாதா என்பது பேட்டரியின் கையில். அதற்குள் ஆறு அறைகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆகவே முழுதாக நிறைந்த பேட்டரி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த பின் அளந்தால் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். வோல்ட்டில் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். இருப்பில் அது பெரிய வித்தியாசம். ‘12 வோல்ட் இருக்கே, பேட்டரி நல்லா இருக்கு’ என்ற தவறான முடிவு இங்கேதான் பிறக்கிறது.

சின்ன பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி சாதாரணம். 1 ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் வரும் என்பது இதன் தோராயமான பொருள். ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது, எஞ்சின் பிடிக்க 2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய எண்ணாகத் தெரிந்தாலும் இதற்குச் செலவாவது 0.1 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. மறுபக்கம், நிறுத்திய காரில் கடிகாரம், பூட்டு, திருட்டு அலாரம், ரேடியோவின் நினைவகம் எல்லாம் சேர்ந்து எடுக்கும் மின்னோட்டம் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருப்பது இயல்பு. 40 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-மணி. எஞ்சினைக் கிளப்ப ஆகும் செலவை, சும்மா நிற்கும் கார் இரண்டே மணி நேரத்தில் செய்துவிடுகிறது. பேட்டரியைக் களைப்படையச் செய்வது ஸ்டார்ட்டரின் பெரிய இழுப்பு என்றே பலரும் நினைக்கிறோம். கணக்கு வேறு சொல்கிறது: விடாமல் ஓடும் சின்ன மின்னோட்டம்தான் பெரிய செலவாளி.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது இந்தக் கணக்கைப் பல வீடுகள் நேரில் கண்டன. முதல் கட்டம் மட்டும் 21 நாள். எந்தப் பழுதும் இல்லாத காரில்கூட, 40 மில்லி ஆம்பியர் வீதம், அந்த 21 நாளில் 20 ஆம்பியர்-மணி போயிருக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கும் மேல். கொஞ்சம் பழைய பேட்டரியாக இருந்தால் கார் கிளம்பாது. அங்கே பழுது எதுவும் இல்லை, வெறும் காலம்தான். இப்போது அதே காரின் டிக்கி விளக்கு மூடிய பிறகும் அணையாமல் எரிகிறது என்று வையுங்கள். 5 வாட் பல்பு, 12 வோல்ட்: ஏறத்தாழ 400 மில்லி ஆம்பியர். மூன்று வாரத்தில் நடக்க வேண்டியது இரண்டு நாளில் நடந்துவிடும். மூடிய டிக்கிக்குள் எரியும் விளக்கை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. ஆக, பழுதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது, கசிகிறதா என்ற கேள்வி அல்ல. எவ்வளவு கசிகிறது என்ற எண். கசியாத கார் எதுவும் இல்லை.

வெயிலா, வயதா, கசிவா?

‘நம்ம ஊர் வெயிலில் பேட்டரி தானாகவே இறங்கிவிடும்’ என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. எதிலும் இணைக்காமல் வைத்த ஈய-அமில பேட்டரியும் உள்ளே நடக்கும் வேதிவினையால் மெல்ல இறங்கும். 25 டிகிரியில் மாதத்துக்குச் சுமார் 4 அல்லது 5 விழுக்காடு. 35 ஆம்பியர்-மணியில் அது ஏறத்தாழ 1.5 ஆம்பியர்-மணி. இதையே தொடர்ந்து ஓடும் மின்னோட்டமாக மாற்றிச் சொன்னால் வெறும் 2 மில்லி ஆம்பியர். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது பொது விதி. 45 டிகிரி என்று கொண்டாலும் 8 மில்லி ஆம்பியர்தான் வருகிறது. எரியும் டிக்கி விளக்கின் ஐம்பதில் ஒரு பங்கு. வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை: தகடுகள் வேகமாக அரிக்கப்படுகின்றன, நீர் வற்றுகிறது. ஆனால் வியாழக்கிழமை நன்றாக ஓடிய காரை சனிக்கிழமை படுக்கவைக்கும் வலிமை வெயிலுக்குக் கிடையாது. வருடங்களில் நடக்கும் தேய்மானம் வேறு, ஓரிரு இரவுகளில் நடக்கும் இழப்பு வேறு.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. ‘கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் எடுக்கிறோம்; சார்ஜ் ஏறவே நேரமில்லை.’ இது நியாயமான சந்தேகம்தான். ஏசி, முகப்பு விளக்கு, வைப்பர் எல்லாம் ஓடும்போது, நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குத் தருவது குறைவு. பேட்டரியே வயதாகி, சார்ஜைத் தாங்காமல் போயிருக்கலாம் என்பது மூன்றாவது சாத்தியம். கசிவு, குறைந்த ஓட்டம், வயது ஆகிய மூன்றையும் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டரும் பொறுமையும் போதும். சார்ஜரில் போட்டு பேட்டரியை முழுதாக ஏற்றுங்கள். சில மணி நேரம் ஓய்வுக்குப் பின் வோல்ட்டைக் குறித்துக்கொண்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி இரண்டு இரவு விடுங்கள். 12.6 அப்படியே நின்றால் பேட்டரி யோக்கியமானது. இறங்கினால் பழுது அதற்குள்ளேயே. பிறகு டெர்மினலை மாட்டி, காரை எடுக்காமல் இன்னும் இரண்டு இரவு விடுங்கள். கழற்றியபோது நின்ற வோல்ட், மாட்டியபோது 12.3-க்கு இறங்கினால் வேறு விளக்கத்துக்கு இடமில்லை: கார் குடிக்கிறது. குறைந்த ஓட்டமோ ஆல்டர்னேட்டரின் சோம்பலோ இந்தச் சோதனையில் குறுக்கிட முடியாது, எஞ்சினே ஓடவில்லையே.

தூங்கும் காரை எழுப்பாதீர்கள்

கார் குடிக்கிறது என்று தெரிந்த பிறகு, எந்தப் பாகம் என்று தேட வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய காரில் இது எளிய வேலை. சுவிட்சை அணைத்தால் மின்சாரம் நின்றது. நிற்காத இடத்தில் பழுது. இன்றைய கார் வேறு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் டெட்ராய்ட் நகரில் ‘கேன்’ என்ற தகவல் தொடர்பு முறையை அறிமுகப்படுத்தியது. கதவு, எஞ்சின், பிரேக், ஏசி, ஏர்பேக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய கணினி. அவை எல்லாம் இரண்டு கம்பிகள் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை அது. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டியதும் இவை உடனே அணைவதில்லை. வேலைகளை முடித்து, மற்றவை பேசுவதை நிறுத்திவிட்டனவா என்று பார்த்து, ஒவ்வொன்றாக உறங்கும். சில கார்களுக்குச் சில நிமிடம் போதும். சிலவற்றுக்கு அரை மணி, அதற்கும் மேல். கல்யாண மண்டபத்தில் வரிசையாகப் படுத்திருக்கும் உறவினர்களில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் யாருக்கும் தூக்கம் வராது. காரிலும் அதே கதை. ஒரே ஒரு கணினி கம்பியில் பேசிக்கொண்டிருந்தால் மற்றவையும் விழித்திருக்கும்.

இதனால்தான் அவசர அளவீடு பொய் சொல்கிறது. கதவைப் பூட்டிய இரண்டாவது நிமிடத்தில் அளந்தால் பல ஆம்பியர் ஓடும்; ‘பெரிய லீக்’ என்று பயந்து நல்ல பாகத்தைக் கழற்றத் தொடங்குவார்கள். ஒழுங்காக அளக்க விரும்புபவர் முதலில் காரை ஏமாற்றித் தூங்கவைக்க வேண்டும். ஃபியூஸ் பெட்டி இருக்கும் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால், கதவு மூடியதாகக் கார் நினைத்துக்கொள்ளும். பானெட்டையும் இப்படியே ஏமாற்ற வேண்டும். சாவி இல்லாமலே திறக்கும் வகைக் காராக இருந்தால் சாவியைத் தூரமாக வைத்துவிட வேண்டும். நெகட்டிவ் டெர்மினலுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணைக்க வேண்டும். இணைக்கும்போது மின்சாரம் ஒரு கணம் அறுந்தால்கூட எல்லாக் கணினிகளும் விழித்துவிடும். எனவே முதலில் ஒரு துண்டு வயரால் டெர்மினலையும் கேபிளையும் பிணைத்துவிட்டு மீட்டரை மாட்டி, கார் உறங்கிய பின் அந்த வயரை எடுப்பது வழக்கம். மீட்டர் நடுவே இருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது. மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும். கேபிளைக் கழற்றாமலே மில்லி ஆம்பியரை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் இந்தச் சிரமம் எதுவும் இல்லை.

மீட்டர் 400 காட்டுகிறது. இனி என்ன? ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார், எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ அங்கே பழுது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த முறை. பழைய கார்களுக்கு அது இன்றும் சரி. புதிய கார்களில் அதற்கு ஒரு பெரிய குறை உண்டு. ஃபியூஸைப் பிடுங்கும்போது உறங்காமல் அடம்பிடித்த கணினிக்கு மின்சாரம் அறுகிறது. திரும்பச் செருகும்போது அது புதிதாகப் பிறந்ததுபோல் தொடங்கி, இந்த முறை ஒழுங்காக உறங்கிவிடலாம். பழுது மறைந்துவிடும், காரணம் தெரியாது. இன்னொரு விபரீதமும் நடக்கும்: ஒரு ஃபியூஸைச் செருகியதும் அந்தக் கணினி மற்றவற்றை எழுப்பிவிடும், எண் தாறுமாறாக ஏறும், அடுத்த அரை மணி நேரத்துக்கு எந்த அளவும் பயனில்லை. தூங்கும் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க, அதை உலுக்கி எழுப்புவதில்லை. நெற்றியில் மெதுவாகக் கை வைக்கிறோம். ஃபியூஸைப் பிடுங்காமல் அதன் நெற்றியில் கை வைக்க ஒரு வழி இருக்கிறது.

ஒரு ஃபியூஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் நகம் அளவு பிளாஸ்டிக்; சிவப்பு என்றால் 10 ஆம்பியர், மஞ்சள் என்றால் 20. கீழே இரண்டு உலோகக் கால்கள், நடுவே அவற்றை இணைக்கும் மெல்லிய பட்டை. தலைப்பகுதியை உற்றுப் பார்த்தால் இரு ஓரங்களிலும் பொட்டு அளவு உலோகம் வெளியே தெரியும். அது சோதிப்பதற்காகவே விடப்பட்ட இடம். ஃபியூஸ் பெட்டியில் செருகி இருக்கும்போதே அந்த இரண்டு பொட்டுகளிலும் மீட்டர் முனைகளை வைத்து மில்லி வோல்ட்டில் அளந்தால் போதும். 1827-இல் ஜார்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட விதி மிச்ச வேலையைச் செய்கிறது. சிறிய வகை 10 ஆம்பியர் ஃபியூஸின் மின்தடை ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லி ஓம். அதன் வழியே எதுவும் ஓடாவிட்டால் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும்; 400 மில்லி ஆம்பியர் ஓடினால் சுமார் 3 மில்லி வோல்ட் காட்டும். 0.1 மில்லி வோல்ட் வரை காட்டும் மீட்டர்கள் சாதாரண விலையிலேயே கிடைக்கின்றன. 20 ஆம்பியர் ஃபியூஸின் மின்தடை இதில் பாதிகூட இல்லை என்பதால், அதே மில்லி வோல்ட்டுக்கு அங்கே இரு மடங்குக்கும் மேல் மின்னோட்டம் என்று கொள்ள வேண்டும். இதற்கான அட்டவணைகள் உண்டு. ஒன்றையும் பிடுங்காமல், ஒருவரையும் எழுப்பாமல், பானெட்டுக்கு அடியிலும் காருக்குள்ளும் இருக்கும் இரண்டு பெட்டிகளின் எல்லா ஃபியூஸ்களையும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொட்டுப் பார்த்துவிடலாம்.

இந்தத் தேடலில் ஃபியூஸ் தருவது தெருவின் பெயர்தான். வீட்டு எண் அல்ல. ஒரே ஃபியூஸிலிருந்து உள்விளக்கு, ரேடியோ, சென்ட்ரல் லாக் என்று பல பாகங்கள் மின்சாரம் பெறும். வயரிங் படத்தைப் பார்த்து, அந்தத் தெருவில் உள்ள ஒவ்வொன்றின் இணைப்பையும் கழற்றி, எண் எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஃபியூஸ்களில் கொஞ்சம் கொஞ்சம் ஓடினால் அதுவே ஒரு துப்பு: ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், மற்றவர்கள் தூக்கம் கெட்டு விழித்திருக்கிறார்கள். அப்போது அதிகம் குடிப்பவரைப் பிடிப்பதில் பயனில்லை. பேசுபவரைத் தேட வேண்டும். கதவுப் பூட்டுக்குள் இருக்கும் கடுகளவு சுவிட்ச் மழைநீரும் தூசியும் ஏறி ஒட்டிக்கொண்டால், கதவு திறந்தே இருக்கிறது என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சொல்லை நம்பி முழுக் காரும் விழித்திருக்கும்.

ஃபியூஸ் பெட்டிக்கு வெளியே

எல்லா ஃபியூஸும் பூஜ்ஜியம் காட்டுகிறது. ஆனால் பேட்டரியிலிருந்து 400 ஓடுகிறது. இப்படியும் நடக்கும். காரணம், எல்லா மின்சாரமும் அந்தச் சிறிய ஃபியூஸ்களின் வழியே போவதில்லை. ஸ்டார்ட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் தனியே போகிறது. ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மாறுதிசை மின்சாரம். அதை ஒரே திசைக்கு மாற்றுவது அதற்குள் இருக்கும் டையோடுகள். ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவு போன்றவை அவை. அவற்றில் ஒன்று பழுதானால், கார் நின்றபின் பேட்டரி மின்சாரம் எதிர்த்திசையில் கசிய வழி கிடைத்துவிடும். எஞ்சின் ஆறிப் பல மணி நேரம் ஆன பின்னும் ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் கேபிளைப் பிரித்துக் காப்பிட்டு, பிறகு மறுபடி அளந்தால் விடை கிடைக்கும். நெகட்டிவைக் கழற்றும் வரிசையை மாற்றக் கூடாது; ஸ்பேனர் உடல் உலோகத்தில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

கார் கம்பெனியிலிருந்து வந்தபின் நாம் சேர்த்தவை இன்னொரு பெரிய வகை. ரேடியோ செட்டின் பின்னால் இரண்டு வயர்கள் வரும்: பெரும்பாலான செட்களில் மஞ்சள் வயர் நினைவகத்துக்கு, எப்போதும் மின்சாரம் வேண்டும், சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர மின்சாரத்தில் கொடுத்துவிட்டால் செட் ஒருபோதும் முழுதாக அணையாது. நிறுத்திய பின்னும் படம் பிடிக்கும் டாஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி, பெரிய ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபையர், பேட்டரியிலிருந்து நேராக எடுத்த ஹாரன், பனிவிளக்கு ரிலே எல்லாம் இந்த வகை. இவற்றை மாட்டுபவர்கள் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரி முனையிலேயே வயரை முறுக்கிவிடுவது வழக்கம் என்பதால், பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் எத்தனை மெல்லிய வயர்கள் தொங்குகின்றன என்று எண்ணிப் பார்ப்பதே நல்ல தொடக்கம். மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் கதையும் இதை ஒட்டியதுதான். உள்ளே இருக்கும் சுருளுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் அது மட்டுமே 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். நிறுத்தி ஒரு மணி நேரமான காரில் ஒரு ரிலே கைக்குச் சூடாகப் பட்டால், அதை யாரோ விழிக்க வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு எதற்கு?

‘தினமும் இரவு டெர்மினலைக் கழற்றிவிட்டால் போகிறது; அல்லது ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிடலாம்’ என்பார்கள். மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் காருக்கு அது நல்ல யோசனைதான். அன்றாடம் ஓடும் காருக்கு அது நோயை விட்டு வலிக்கு மருந்து போடுவது. திருட்டு அலாரம் வேலை செய்யாது. கண்ணாடி, ஏசி போன்றவற்றின் அமைப்புகள் அழியும். முக்கியமாக, கசிவுக்குக் காரணமான பாகம் அப்படியே இருக்கும். உரசித் தேய்ந்த வயர் இன்று 400 மில்லி ஆம்பியர் கசியவிடலாம். நாளை அதே இடம் சூடேறிப் புகையலாம். அடிக்கடி காலியாகும் பேட்டரிக்கும் அதற்குரிய தண்டனை உண்டு. மின்சாரம் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துபோகும். நாள்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாகி, திரும்பக் கரைவதில்லை. அந்த அளவுக்குக் கொள்ளளவு நிரந்தரமாகப் போகிறது. புதிதாகப் போட்ட பேட்டரி மாதங்களில் கிழடாவது இப்படித்தான்.

‘புதிய கார்களில் கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே’ என்பது அடுத்த நம்பிக்கை. ஸ்கேனர் நல்ல கருவிதான். ஆனால் அதைச் செருகிய கணமே கார் விழித்துக்கொள்கிறது. உறக்கத்தில் நடக்கும் தவறு, விழித்திருக்கும்போது தெரிவதில்லை. பல சமயங்களில் அது பழுதாகப் பதிவாவதும் இல்லை. புதிய கார் என்பதும் காப்பாகாது. அமெரிக்காவில் சுபாரு கார்களின் உரிமையாளர்கள், நிறுத்திய பின்னும் பேட்டரி காலியாகிறது என்று 2020-இல் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே வழக்கு சமரசத்தில் முடிந்தது. மின்சாரக் கார்களுக்கும் விலக்கு இல்லை. அவற்றிலும் கணினிகளை ஓட்டும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியே இருக்கிறது. அது காலியானால், தரைக்கு அடியில் உள்ள பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அதை இணைக்கும் தொடுசுவிட்ச் இயங்காது, கார் நகராது.

ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் பக்கத்திலிருந்தும் ஒரு நியாயம் உண்டு. கார் உறங்க அரை மணி, ஃபியூஸ்களை அளக்கக் கால் மணி, பாகத்தைத் தேட இன்னும் ஒரு மணி என்று ஆகும் நேரத்துக்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளர் தயங்குகிறார். பேட்டரி விற்றாலோ உடனே கையில் காசு. தேடுவதற்கு விலை இல்லை, பாகத்துக்கு மட்டும் விலை உண்டு என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். இந்தப் பழக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை பணம் மட்டுமல்ல. ஒரு கார் பேட்டரியின் எடையில் பாதிக்கும் மேல் ஈயம். முறையற்ற உலைகளில் அதை உருக்கும்போது காற்றிலும் மண்ணிலும் கலக்கும் ஈயம், சுற்றியுள்ள குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கிறது. நல்ல பேட்டரியை வீணாகத் தூக்கிப் போடுவதை ஒருவரின் சொந்த நஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. தேடுபவரின் நேரத்துக்கும் திறமைக்கும் உரிய கூலி கொடுப்பதே எல்லோருக்கும் மலிவான வழி.

ஆகவே அடுத்த முறை ‘பேட்டரி மாத்திடுங்க’ என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்கும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள். முழு சார்ஜுக்குப் பின் தனியே வைத்த பேட்டரி எத்தனை வோல்ட்டில் நிற்கிறது? கார் முழுதாக உறங்கிய பிறகு எத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது? எந்த ஃபியூஸில் எத்தனை மில்லி வோல்ட்? இந்த மூன்றையும் குறித்துத் தருபவர் உங்கள் காரைப் புரிந்துகொண்டவர். அவர் பேட்டரியை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். எண் எதுவும் இல்லாமல் சொல்லும் தீர்ப்பு வெறும் ஊகம். அதற்கு விலை கொடுக்காதீர்கள்.